ஏறியது யாருடைய தோள்

எவரெஸ்ட் ஏறியவர்களை விளையாட்டு வீரர்களின் வரிசையில் நிறுத்துவது கேரள-தமிழ்நாட்டு எல்லைக்கு இரண்டு பக்கமும் வழக்கமாகிவிட்டது. 2022இல் பந்தளத்துக்காரரும் திருவனந்தபுரம் தலைமைச் செயலக ஊழியருமான ஷேக் ஹசன் கான் உச்சியை அடைந்தார். அடுத்த ஆண்டு மே மாதம் தமிழ்நாட்டுக் கோவளத்து ராஜசேகர் பச்சையும், சில நாள் கழித்து முத்தமிழ்ச்செல்வியும் அடைந்தார்கள். எவரெஸ்ட் தொட்ட முதல் தமிழ்நாட்டுப் பெண் முத்தமிழ்ச்செல்விதான். புறப்படும் முன்பே விளையாட்டுத் துறை அமைச்சர் கையால் நிதியுதவி பெற்றுக்கொண்டு போனவர்.

குன்னத்துகாலில் நாங்கள் மலையாளப் பத்திரிகையும் படிக்கிறோம், களியக்காவிளை வழியாக வரும் தமிழ்ப் பத்திரிகையும் படிக்கிறோம். இரண்டிலும் ஒரே படம், ஒரே பாராட்டு, அதற்குப் பின்னால் ஒரே வாதம். கடற்கரைக் காற்றில் ஓடுகிறவளை வீராங்கனை என்கிறோம். அந்தக் காற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே தேறும் இடத்தில் நடந்தவரை அதைவிடப் பெரிய வீரர் என்று சொல்ல என்ன தடை? மத்திய அரசும் இந்த வாதத்தை ஏற்றுக்கொண்டுவிட்டது. டென்சிங் நார்கே தேசிய சாகச விருதின் பணமுடிப்பு 2020இல் 15 லட்சமாக உயர்ந்தது. அர்ஜுனா விருதுக்கும் அதே தொகை, அதே குடியரசுத் தலைவர் மாளிகை, அதே மேடை. இந்த வாதம் பிழையானது என்று நான் நெடுநாளாகச் சொல்லிவருகிறேன். ஆண்டுக்காண்டு ஏறுகிறவர்கள் கூடக்கூட அந்தப் பிழை எனக்கு இன்னும் துலக்கமாகத் தெரிகிறது.

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலில் ஒப்புக்கொண்டுவிடலாம். சாவுமண்டலம் எனப்படும் 8,000 மீட்டருக்கு மேல் மனித உடல் தேறாது, தேய்ந்துகொண்டே போகும். நுரையீரலில் நீர் கோக்கும், மூளை வீங்கும், விரல்கள் உறைந்து கறுக்கும். பசியும் தூக்கமும் செத்துப்போன நிலையில் வாரக்கணக்காகப் பனியில் கிடந்து மேலே போய்வருவதற்குத் தேர்ந்த உடல் வேண்டும், பழகிய மனம் வேண்டும், பல வருடப் பயிற்சி வேண்டும். மேலே சொன்னவர்களிடம் அவையெல்லாம் உண்டு. சாவுக்கு அஞ்சாத துணிவும் உண்டு. அவர்கள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

இன்னும் சொல்லப்போனால், உயர்மலை ஏற்றம் முழுக்கவே தடகளச் சாதனையாக நின்ற தருணங்கள் இருக்கின்றன. 1978 மே 8 அன்று ரைன்ஹோல்ட் மெஸ்னரும் பீட்டர் ஹாபெலரும் குப்பி ஆக்சிஜன் இல்லாமல் எவரெஸ்ட் ஏறினார்கள். 1980 ஆகஸ்டில் மெஸ்னர் திபெத் பக்கமிருந்து தன்னந்தனியாக, மறுபடியும் குப்பி இல்லாமல் ஏறினார். ஸ்வீடனின் யோரான் க்ரோப் தன் ஊரிலிருந்து சாமான்களோடு நேபாளம் வரை சைக்கிள் மிதித்து வந்து, 1996 மே மாதம் ஷெர்பா உதவியும் ஆக்சிஜனும் இல்லாமல் உச்சி தொட்டார். பாபு சிரி ஷெர்பா 1999இல் குப்பி இல்லாமல் உச்சியிலேயே 21 மணி நேரம் தங்கினார். மறு ஆண்டு அடிவார முகாமிலிருந்து 17 மணி நேரத்துக்குள் மேலே போனார். இவை மனித உடல் செய்தவை, அந்தந்த மனிதரின் உடலே செய்தவை. இவர்களை விளையாட்டு வீரர் என்று அழைக்க எனக்கு ஒரு தயக்கமும் கிடையாது.

ஆனால் எவரெஸ்ட் உச்சி ஏற்றங்களில் குப்பி ஆக்சிஜன் இல்லாமல் நடந்தவை நூற்றுக்கு இரண்டு அளவில்தான் இருக்கின்றன. நம் அரசுகள் பரிசு கொடுப்பதும் ஊர்கள் வரவேற்பு நடத்துவதும் மிச்சமுள்ள தொண்ணூற்றெட்டு வகை ஏற்றத்துக்கு. அதைப் பற்றித்தான் கேட்கிறேன்: அந்த ஏற்றத்தில் வேலை செய்தது யாருடைய உடல்?

வசந்தத்தில் பயண நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் மேலே ஏறத் தொடங்கும் முன்பே கும்பு பனியருவியில் ‘ஐஸ்ஃபால் டாக்டர்கள்’ என்று அழைக்கப்படும் ஷெர்பாக்கள் இறங்கிவிடுகிறார்கள். நகர்ந்துகொண்டே இருக்கும் அந்தப் பனிப்பாளங்களுக்கு நடுவே ஏணி கட்டி, கயிறு இழுத்து, பாதை போடுகிறார்கள். அதற்கு மேல் உச்சி வரை கயிறு கட்ட இன்னொரு ஷெர்பா குழு உண்டு. அவர்கள் கட்டி முடித்த பிறகுதான் மற்றவர்களுக்கு வழி. கூடாரம், உறங்குபை, அடுப்பு, எரிவாயு, சாப்பாடு, ஆக்சிஜன் குப்பி எல்லாமே ஷெர்பாக்களின் முதுகில் ஏறி, 7,900 மீட்டர் உயரத்திலுள்ள தெற்குக் கணவாய் வரை முன்கூட்டியே போய்ச் சேர்ந்திருக்கும். ஒரு வாடிக்கையாளர் பனியருவியைச் சில தடவை கடப்பார். அவருக்காகச் சுமக்கிற ஷெர்பா அதைப் போல் பல மடங்கு கடப்பார்.

பிறகு உச்சி நாள். கயிற்றில் மாட்டி ஏறும் ஜுமார் என்பது கைக்குள் அடங்கும் ஒரு பல்பிடி. மேலே தள்ளினால் வழுக்கும், கீழே இழுத்தால் கவ்வும். ஏறுகிறவர் அதை ஒரு முழம் மேலே தள்ளுகிறார், உடம்பை இழுத்து நிறுத்துகிறார், மூச்சு வாங்குகிறார், மறுபடியும் தள்ளுகிறார். கயிறு பனியில் அறையப்பட்ட இடம் வந்ததும் ஜுமாரைக் கழற்றி அடுத்த கயிற்றில் மாட்ட வேண்டும். தடித்த கையுறைக்குள் விறைத்துப்போன விரல்களுக்கு அது முடியாதபோது, பின்னால் வரும் ஷெர்பா தன் மேலுறையைக் கழற்றிவிட்டு மாட்டிக்கொடுக்கிறார். ஆக்சிஜன் முகமூடியில் உறைந்த பனியைத் தட்டிவிடுவதும் அவர்தான். குப்பியின் திருகைத் திருப்பி நிமிடத்துக்கு இரண்டு லிட்டரை நான்காக்குவதும், தீர்ந்த குப்பியை மாற்றுவதும், திரும்பிவிடலாமா என்று முடிவு செய்வதும் பெரும்பாலும் அவர்தான். அந்தத் திருகு திரும்பத் திரும்ப, உடல் உணர்கிற உயரம் மீட்டர் மீட்டராகக் குறைந்துகொண்டே வரும். 8,848 மீட்டரில் நிற்கிறவரின் நுரையீரல் அதைவிட வெகு தாழ்ந்த ஒரு மலையில்தான் நின்றுகொண்டிருக்கிறது.

எங்கள் பக்கத்தில் லாரியிலிருந்து சிமெண்ட் மூட்டை இறக்கினால் அது யாருடைய உழைப்பு என்பதில் ஒருவருக்கும் குழப்பம் வராது. கேரளத்தில் ‘சுமட்டுத் தொழிலாளர் சட்டம், 1978’ என்றே ஒரு சட்டம் உண்டு. சுமப்பவருக்கு அடையாள அட்டை உண்டு, கூலி விகிதம் உண்டு, சங்கம் உண்டு. மூட்டைக்குச் சொந்தக்காரர் பக்கத்திலேயே நின்று வியர்த்தாலும், கடைசி மூட்டைக்கு ஒரு கை கொடுத்தாலும், ‘இந்த லாரியை நான் இறக்கினேன்’ என்று சொல்ல அவருக்கு நா எழாது. உலகத்தின் மிக உயர்ந்த மலையில் மட்டும் அந்த வாக்கியத்தைச் சொல்லவும் அதற்கு விருது வாங்கவும் நாம் அனுமதித்திருக்கிறோம்.

அகத்தியர்கூடம் ஏறிய யாரும் எங்கள் ஊரில் பரிசு கேட்பதில்லை. போணக்காட்டில் தொடங்கி அதிருமலை முகாமில் இரவு தங்கி, பொங்காலைப்பாறை கடந்து, கடைசிப் பாறையில் கட்டியிருக்கும் கயிற்றைப் பிடித்து 1,868 மீட்டர் உச்சியை அடைகிறவர்கள், காணிக்காரர்கள் வழிகாட்டினார்கள் என்றே சொல்கிறார்கள். வெள்ளறடை குரிசுமலைக்கு நோன்புக் காலத்தில் ஆயிரக்கணக்கில் ஏறுகிறவர்களும் வேண்டுதல் என்கிறார்கள், சாதனை என்பதில்லை. மலை ஏறுவது நல்ல காரியம். அதற்குள் விளையாட்டுத் துறையின் பணமும் பதக்கமும் நுழையும்போதுதான் யார் செய்தது, எப்படிச் செய்தது என்று கணக்குக் கேட்க வேண்டியிருக்கிறது.

2023 மே 18 அன்று நடந்தது இந்தக் கணக்கை ஒளிவுமறைவில்லாமல் காட்டிவிட்டது. எவரெஸ்டில் பால்கனி என்று சொல்லப்படும் பகுதியில், 8,000 மீட்டருக்கும் மேலே, மலேசியத் தமிழர் ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி விறைத்துக் கிடந்தார். மற்றொரு வாடிக்கையாளரை உச்சிக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்த கெல்ஜே ஷெர்பா அவரைக் கண்டார். உச்சியைவிட ஓர் உயிர் பெரிது என்று சொல்லித் தன் வாடிக்கையாளரைத் திரும்பச் சம்மதிக்க வைத்தார். கிடந்தவரை உறங்கும் பாயில் சுற்றித் தன் முதுகில் கட்டிக்கொண்டு இறங்கினார். தூக்க முடியாத இடத்தில் பனியில் இழுத்தார். வழியில் நிமா தாஹி ஷெர்பா வந்து தோள் கொடுத்தார். மணிக்கணக்கான அந்த இறக்கத்துக்குப் பிறகு மூன்றாம் முகாமிலிருந்து ஹெலிகாப்டர் கயிறு அவரை எடுத்துக்கொண்டு போனது. பிழைத்தவர் வெளியிட்ட முதல் நன்றிப் பதிவில் ஆதரவு நிறுவனங்களின் பெயர்கள் இருந்தன. கெல்ஜேயின் பெயர் இல்லை. உலகம் முழுவதும் கண்டனம் எழுந்த பிறகே அது சேர்ந்தது.

அந்தத் தனிமனிதரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சாவிலிருந்து மீண்டவரிடம் அப்போது என்ன தெளிவை எதிர்பார்க்க முடியும்? ஆனால் அந்தப் பெயர் விடுபட்ட விதம் இந்தத் தொழிலின் பழக்கம். அன்று அந்த மலையில் ஒரு தடகளச் சாதனை நடந்தது என்றால், அதைச் செய்தவர் வளர்ந்த ஓர் ஆளைச் சாவுமண்டலத்தில் முதுகில் சுமந்து இறக்கியவர். அதே பருவத்தில் உச்சியில் கொடி பிடித்துப் படம் எடுத்துக்கொண்ட நூற்றுக்கணக்கானோரில் எத்தனை பேர் அதில் பத்தில் ஒரு பங்கைச் செய்திருப்பார்கள்?

இங்கே ஒரு மறுப்பு வழக்கமாக வரும். சைக்கிள் பந்தயத்தில் தலைவருக்குக் காற்றை மறைத்துக்கொண்டு ஓட்டும் துணை ஓட்டக்காரர்கள் இல்லையா? மராத்தானில் வேகம் பிடித்துக் கொடுப்பவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். ஆனால் சைக்கிள் பந்தயத்தின் துணை ஓட்டக்காரர் அதே பந்தயத்தில் பதிவு செய்து, எண் குத்திக்கொண்டு, அதே கோட்டைக் கடக்கிறார். முடிவுப் பட்டியலில் அவருக்கும் இடமும் நேரமும் உண்டு. மராத்தானின் நிலை இன்னும் கறாரானது. 2019 அக்டோபர் 12 அன்று வியன்னாவில் எலியுட் கிப்சோகே 1 மணி 59 நிமிடம் 40 நொடியில் மராத்தான் தூரத்தை ஓடினார். மனிதகுலம் இரண்டு மணி நேரத்தை முதன்முதலாகக் கடந்த நாள் அது. ஆனாலும் அது உலக சாதனையாகப் பதிவாகவில்லை. மாறி மாறி வந்த துணை ஓட்டக்காரர்களும், சைக்கிளில் வந்து கையில் கொடுக்கப்பட்ட தண்ணீரும் விதிக்கு வெளியே இருந்தன. உலகின் தலைசிறந்த ஓட்டக்காரருக்கே, கையில் தண்ணீர் கொடுத்ததற்காகச் சாதனை மறுக்கப்படுகிறது. குடிநீர், மூச்சு, வழி, கயிறு, கூடாரம், சோறு அத்தனையும் பிறர் முதுகில் வந்த ஏற்றத்துக்கு நாம் அர்ஜுனாவுக்கு நிகரான தொகையைக் கொடுக்கிறோம்.

லாஸ் ஏஞ்சலிஸில் 1984இல் பி.டி. உஷா நூற்றில் ஒரு நொடி வித்தியாசத்தில் வெண்கலத்தை இழந்ததைக் கேரளத்தில் அறியாதவர் இல்லை. விளையாட்டு என்றால் அந்த அளவு கறார். எவரெஸ்டிலோ ஒருவர் ஏறினாரா இல்லையா என்பதே தகராறாகிறது. 2016இல் புனே காவல்துறையைச் சேர்ந்த ஒரு தம்பதி வேறொருவரின் உச்சிப் படங்களில் தங்களை ஒட்டிச் சான்றிதழ் வாங்கியது அம்பலமாகி, நேபாளம் அவர்களுக்குப் பத்து ஆண்டு தடை விதித்தது. அதே பருவத்தில் ஏறியதாகச் சொன்ன ஹரியானாக்காரர் ஒருவர் 2020இல் டென்சிங் நார்கே விருதுக்கே தேர்வாகிவிட்டார். சக ஏறிகள் குரல் எழுப்பிய பிறகு விருது நிறுத்தப்பட்டது. 2021இல் நேபாளம் அவருக்கும் உடன் போனவருக்கும் ஆறு ஆண்டு தடை போட்டது. இவை தனியாட்களின் திருட்டு மட்டுமே என்று ஒதுக்க முடியாது. ஒரு புகைப்படம், வாடிக்கையாளரிடம் கூலி வாங்கும் நிறுவனத்தின் அறிக்கை, அந்த நிறுவனத்தின் கீழ் வேலை செய்யும் ஷெர்பாவின் சொல், இவற்றின்மேல்தான் சான்றிதழ் நிற்கிறது. ஓடுகளத்தில் நடுவருக்கு ஓட்டக்காரர் சம்பளம் கொடுப்பதில்லை.

ஊக்கமருந்து விஷயத்திலும் இதே தளர்வுதான். செனான் வாயுவை உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2014இலேயே தடை செய்துவிட்டது. 2025 மே மாதம் பிரிட்டிஷ்காரர் நால்வர் அந்த வாயுவை முன்கூட்டிச் சுவாசித்துவிட்டு, லண்டனிலிருந்து கிளம்பி ஒரு வாரத்துக்குள் எவரெஸ்ட் உச்சியில் நின்றார்கள். அந்த வாயு உண்மையில் பலன் தந்ததா என்பது வேறு விவாதம். எந்தத் தடகள வீரராவது அதைச் செய்திருந்தால் அன்றே வெளியே போயிருப்பார்.

பழைய காலத்தில் இந்தக் கணக்கு இவ்வளவு கோணலாக இல்லை என்பதுதான் என்னை அதிகம் வருத்துவது. 1922இல் எவரெஸ்டில் பிரிட்டிஷ் குழு தோற்றுத் திரும்பியது. ஜூன் 7 அன்று பனிச்சரிவில் ஏழு சுமைதூக்கிகள் இறந்தார்கள். 1924இல் ஷாமொனி ஒலிம்பிக்கில் அந்தப் பயணத்துக்கு மலையேற்றப் பரிசு தரப்பட்டபோது, பரிசுக்குரியோர் பட்டியலில் இறந்த அந்த எழுவரும் சேர்க்கப்பட்டார்கள். பேரரசு உச்சத்தில் இருந்த நாட்களிலேயே அந்த அளவு நியாயம் இருந்தது. 1953இல் அது சறுக்கியது: ஹில்லரிக்கும் ஹண்டுக்கும் சர் பட்டம், டென்சிங்குக்கு ஜார்ஜ் பதக்கம். 1965இல் இந்தியா அதைச் சரிசெய்தது. எம்.எஸ். கோலி தலைமையில் ஒன்பது பேர் உச்சி தொட்ட அந்தப் பயணத்தின் குழு முழுவதற்கும் அர்ஜுனா விருது கிடைத்தது. நவாங் கோம்பு, ஆங் காமி, பூ டோர்ஜி ஆகியோர் அந்த ஒன்பதில் இருந்தார்கள். ஷெர்பா அன்று குழு உறுப்பினர். பெயரோடு ஏறினார், பெயரோடு பரிசு பெற்றார். இன்றைய விருதுக்கு ஒரு ஷெர்பாவின் பெயரையே வைத்திருக்கிறோம். எவரெஸ்டுக்காக அதை வாங்குகிறவரோடு கூட ஏறிய ஷெர்பாவின் பெயர் எந்த அறிவிப்பிலும் வருவதில்லை.

‘கடைசியில் அவரவர் காலால்தானே ஏறினார்கள்’ என்று சொல்லுகிறவர்களுக்கு 2014ஐ நினைவுபடுத்துகிறேன். ஏப்ரல் 18 அன்று கும்பு பனியருவியில் பனிப்பாறை சரிந்து பதினாறு பேர் இறந்தார்கள். அத்தனை பேரும் நேபாளத் தொழிலாளர்கள். மேலே சாமான் கொண்டுபோய்க்கொண்டிருந்தவர்கள். அரசு குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய் தருவதாகச் சொன்னது. ஷெர்பாக்கள் கொதித்தார்கள், அந்தப் பருவத்தில் ஏற மறுத்தார்கள். அனுமதிச் சீட்டு வாங்கி, பணம் கட்டி, உடலைப் பழக்கிக்கொண்டு வந்திருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட வெளிநாட்டு ஏறிகள் என்ன செய்தார்கள்? மூட்டை கட்டிக்கொண்டு வீடு திரும்பினார்கள். நேபாளப் பக்கம் அந்த வசந்தத்தில் உச்சிக்குப் போன சீனப் பெண்மணி இரண்டாம் முகாம் வரை ஹெலிகாப்டரில் பறந்து, அங்கிருந்து ஷெர்பாக்கள் துணையோடு போனார். மலை இருந்தது, வானிலை இருந்தது, அவரவர் கால்களும் இருந்தன. ஷெர்பாக்கள் கையைக் கட்டிக்கொண்டதும் ஏற்றமே நின்றது. மைதான ஊழியர் எல்லோரும் வேலைநிறுத்தம் செய்தாலும் நூறு மீட்டர் ஓடுகிறவள் நூறு மீட்டர் ஓடிக்காட்டுவாள். பிறர் வேலைக்கு வராவிட்டால் செய்ய முடியாத ஒன்றைத் தன் சாதனை என்று சொல்லிக்கொள்ள எந்த விளையாட்டிலும் இடமில்லை. கட்டிய கயிற்றில், பிறர் சுமந்த மூச்சில் உச்சிக்குப் போனவரை மலைக்கு மேலே கொண்டுபோகப்பட்டவர் என்றே நான் சொல்வேன். கடுமையான சொல்தான். ஆனால் அந்தப் பதினாறு குடும்பங்களை நினைத்தால் இதைவிட மென்மையான சொல் எனக்கு வரவில்லை.

செலவும் சின்னதில்லை. நேபாளத்தின் அனுமதிக் கட்டணம் மட்டுமே 11,000 டாலரிலிருந்து 2025 செப்டம்பரில் 15,000 டாலராகிவிட்டது. மொத்தச் செலவு முப்பது லட்சம் ரூபாயைச் சாதாரணமாகத் தாண்டும். அந்தப் பணத்தை ஒருவர் தன் கையிலிருந்தோ நண்பர்களிடமிருந்தோ போட்டுக்கொண்டு போவதில் எனக்கு வழக்கில்லை. சாகசம் என்ற பெயரில் பாராட்டுங்கள், பள்ளிகளுக்கு அழைத்துப் பேச வையுங்கள், பிள்ளைகள் கேட்கட்டும். விளையாட்டுத் துறையின் நிதியும் விருதும் வேறு கதை.

திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் உள்ள விளையாட்டுத் துறைகளுக்கு என் வேண்டுகோள் இதுதான். உயர்மலை ஏற்றத்துக்கு நிதியோ பரிசோ கேட்டு வரும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் மூன்று விவரங்களைக் கட்டாயமாக்குங்கள்: எந்த உயரத்திலிருந்து எத்தனை குப்பி ஆக்சிஜன், கயிறும் பாதையும் யார் போட்டது, கூட ஏறிய ஷெர்பாக்களின் பெயர் என்ன. குப்பியும் பிறர் கயிறும் இல்லாமல் ஏறியவருக்கு அர்ஜுனாவே கொடுங்கள், நான் முதல் ஆளாகக் கைதட்டுவேன். மற்ற ஏற்றங்களுக்குப் பரிசு கொடுத்தே ஆக வேண்டுமென்றால், காத்மாண்டுவிலிருந்து அந்த ஷெர்பாவையும் அழைத்து வந்து, தொகையைச் சரிபாதியாகப் பிரித்து, இரண்டு பெயரையும் ஒரே பட்டயத்தில் எழுதுங்கள். அதற்கு மனமில்லை என்றால் அந்தப் பணம் மைலத்து ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளியில் விடியற்காலையில் ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் காலணிக்குப் போகட்டும்.